ஆளுக்கொரு குறி

டெலித் பிரோசர் தன் வீட்டு முன்னறையில்தான் முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலையைக் காயவைக்கும் பழைய கூண்டு ஒன்று. அந்த நவம்பரில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எவரும் தேர்தல் பேச்சைக் கேட்காமல் எழுந்து போக முடியவில்லை. சன்னல் கண்ணாடியில் அவள் படம் போட்ட தாள் ஒட்டியிருந்தது. படத்தில் அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற படமாக ஒன்று வேண்டும் என்று அவள் தோழி ரோன்வென் வீட்டையே புரட்டிப் பார்த்தாள். இரண்டு வருடமாக எடுத்த படங்களில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

"ஜெயிச்சா நீ போலீஸ் தொப்பி போட்டுக்கணுமா கண்ணு?" என்று கேட்டாள், கழுத்தில் துண்டோடு உட்கார்ந்திருந்த மிசஸ் பெவன்.

"தொப்பியெல்லாம் கிடையாது. தொப்பி போட்டவங்களக் கேள்வி கேக்குற வேலை."

"அது உனக்குப் பழக்கம்தான். உன் புருஷன் எம்ரிஸக் கேட்டா சொல்லுவான்."

டெலித் சீப்பால் அவள் தலையைக் கொஞ்சம் குனியவைத்தாள்.

அதுவரை போலீஸை மேற்பார்வை பார்க்க ஒரு குழு இருந்தது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஆர்லைஸ் பள்ளத்தாக்கில் எவருக்கும் தெரியாது. அந்த வருடம்தான் சட்டம் மாறியது. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு காவல் மேற்பார்வையாளரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். போலீஸ் தலைவர் அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்த நிலையம் திறந்திருக்கும், எது எப்போது மூடும் என்பதெல்லாம் அந்த ஆள் வைக்கிற திட்டத்தில்தான் வரும். இதைச் செய்தித்தாளில் படித்த அன்று டெலித் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆர்லைஸ் காவல் நிலையத்தின் கதவு ராத்திரியில் திறந்திருக்க வேண்டும்.

செலவைக் குறைக்க என்று சொல்லி, சின்ன ஊர்களின் நிலையங்களையெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டும்படி உத்தரவு வந்திருந்தது. வாசலில் இருந்த நீல விளக்கையும் அணைத்துவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பெட்டி. உள்ளே ஒரு தொலைபேசி. எடுத்துப் பேசினால் நகரத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அவள் மகன் யெஸ்டின் மதுக்கடைச் சமையலறையில் வேலை பார்த்தான். ஒரு ஜனவரியில் வேலை முடிந்து வருகிற வழியில், வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் அவனை அடித்துக் கையிலிருந்த ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். விழுந்ததில் தலை நடைபாதைக் கல்லில் மோதியிருக்கிறது. அவன் எழுந்து நடந்தான். வீடு மேட்டில் இருந்தது. காவல் நிலையம் பள்ளத்தில், பக்கத்தில் இருந்தது. அங்கே போய்க் கதவைத் தட்டினான். மஞ்சள் பெட்டியைத் திறந்து தொலைபேசியை எடுத்தான். அது இலையுதிர் காலத்திலேயே செத்துப்போயிருந்தது. விடியும் முன் ரொட்டி வண்டிக்காரர் அந்த வழியாக வந்தபோது யெஸ்டின் படியில் உட்கார்ந்த வாக்கில் இருந்தான். தொலைபேசியின் ரிசீவர் அதன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரணை நடந்தது. கருவிக் கோளாறு என்று எழுதினார்கள். தனிப்பட்ட யார் மீதும் தவறில்லை என்றும் எழுதினார்கள். பிறகு ஒருநாள் ஆள் வந்து மஞ்சள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். சுவரில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. டெலித் ரொட்டிக் கடைக்குப் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல்தான் போவாள்; ஆனாலும் அந்த ஓட்டைகள் கண்ணில் படும்.

வீட்டுக்கு வராமல் பிள்ளை ஏன் அங்கே போனான் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். அதற்குப் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். யெஸ்டினுக்கு ஆறு வயதிருக்கும்போது சந்தைக் கூட்டத்தில் தொலைந்துபோய்க் கிடைத்தான். அன்று டெலித் அவன் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எங்க தொலைஞ்சாலும், யார் அடிச்சாலும், நீல விளக்கு இருக்கிற வீட்டுக்குப் போயிடணும். அங்க எப்பவும் ஆள் இருப்பாங்க." அடுப்பங்கரையில் நின்ற எம்ரிஸ் முகம் சுளித்தான். "போலீஸ்கிட்டயா பிள்ளைய அனுப்புற?" என்றான். அவன் சுரங்கத் தொழிலாளி. பெரிய வேலைநிறுத்தத்தின்போது குதிரைப் போலீஸின் தடியடியில் புருவம் பிளந்தவன். அந்தத் தழும்பு இன்னும் இருந்தது. அதற்குப் பிறகு அவன் எந்தப் போலீஸ்காரனோடும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிணவறையில்கூட, எதிரில் நின்ற அதிகாரி கேட்டதற்கெல்லாம் டெலித்தான் பதில் சொன்னாள். எம்ரிஸ் மழையில் வெளியே நின்றான்.

அன்று அடுப்பங்கரையில் அவள் பிள்ளைக்குச் சொன்னதை அவன் அதற்குப் பிறகு ஒருமுறைகூட எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பரவாயில்லை என்று டெலித்துக்குச் சில சமயம் தோன்றும்.

"உனக்குப் போடணும்னுதான் மனசு கிடந்து அடிச்சுக்குது" என்றாள் மிசஸ் பெவன். "ஆனா கட்சிய எப்படிம்மா விடறது? எங்கப்பா குழியிலேர்ந்து எழுந்து வந்து என் தலைமாட்டுல நின்னுடுவாரு."

அந்தப் பள்ளத்தாக்கில் கட்சி என்றால் ஒன்றுதான். அதன் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. சுரங்கம் இருந்தபோதும் கட்சி இருந்தது. சுரங்கம் மூடிய பிறகும் இருந்தது. கழுதைக்குக் கட்சியின் பட்டையைக் கட்டி நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று ஊரே கேலி பேசும். பேசிவிட்டுப் போய் அந்தக் கழுதைக்கே போட்டுவிட்டு வரும். இந்த முறை கட்சி நிறுத்தியிருந்த க்ளான்வில் ட்ரஹார்ன் கழுதையும் அல்ல. எம்ரிஸோடு ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிறகு கவுன்சிலர் ஆனவர்.

"கட்சிய விட வேண்டாம் மிசஸ் பெவன்" என்றாள் டெலித். "இந்தத் தேர்தல்ல ரெண்டு குறி போடலாம். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

"ரெண்டா? நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அட, அப்ப யார் மனசும் நோகாது." மிசஸ் பெவனின் முகம் கண்ணாடியில் மலர்ந்தது.

பின்னால் சோபாவில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்த ரோன்வென் தொண்டையைச் செருமினாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள்; பக்கத்து வீடு. வாயைக் கட்டிப்போட முடியாதவள். டெலித்துக்குத் தேர்தல் ஏஜென்ட் அவள்தான். மிசஸ் பெவன் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"நீ பாதிதான் சொல்ற டெல். தாள்ல ரெண்டு வரிசை இருக்கு. முதல் வரிசையில ஒரு குறி, ரெண்டாவது வரிசையில ஒரு குறி. முதல்ல உன் பேரு, அடுத்த வரிசையில கட்சி. அப்படிச் சொல்லு. ரெண்டாவது குறிய, முதல்ல குறிச்ச ஆள் தோத்தாத்தான் எடுத்தே பாப்பாங்க. உனக்கு ரெண்டாவதாப் போட்டுப் பிரயோசனமே இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லேன். 'என்ன முதல்ல போடுங்க'ன்னு. நாலு வார்த்தை கூட இல்ல."

டெலித் தரையில் கிடந்த நரைமுடியைக் கூட்டினாள். "எப்படி ரோன்? எழுபது வருஷமா போட்டுட்டு வர்றவங்ககிட்ட போய், கட்சியக் கீழ இறக்கி என்ன மேல வைங்கன்னு சொல்றதா? நாக்கு வர மாட்டேங்குது."

"நாக்கு வராதவளுக்கு எதுக்குடி தேர்தல்."

முதல் வாரத்தில் அவள் மாதிரித் தாளைக் காட்டி விளக்கத்தான் செய்தாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, முதல் சுற்று, இரண்டாம் சுற்று. கேட்கிறவர்களின் கண்கள் சுருங்கிப்போயின. ஏதோ ஏமாற்று வேலை என்பதுபோல அவர்கள் முகம் மாறியது. "ரெண்டு குறி இருக்கு, ஒண்ணு எனக்குக் குடுங்க" என்றதும் அதே முகங்கள் தெளிந்தன. கடைசியில் ரோன்வெனும் தோற்றுப்போய் அதையே அச்சடித்தாள். *உங்களிடம் இரண்டு குறிகள் இருக்கின்றன. ஒன்றை டெலித்துக்குக் கொடுங்கள்.* ரொட்டிக் கடையில், ரக்பி மன்றத்தில், தேவாலய அறிவிப்புப் பலகையில் எல்லாம் அது தொங்கியது.

எம்ரிஸ் இதில் எதிலும் தலையிடவில்லை. "போலீஸுக்குன்னு ஒரு எலெக்‌ஷன். அதுக்கு நான் வேற வரிசையில போய் நிக்கணுமா" என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொன்னான். அதோடு சரி. முன்னறையில் பேச்சு நடக்கும்போது தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவான். ஆனால் மழையின் ஈரத்தில் சன்னல் தாளின் ஓரம் பிரிந்து தொங்கினால், மறுநாள் காலையில் அது ஒட்டியிருக்கும். டெலித் ஒட்டவில்லை, ரோன்வெனும் இல்லை.

தேர்தல் நாளன்று விடிந்ததும் தெரியவில்லை, இருட்டியதும் தெரியவில்லை. அப்படி ஒரு மழை. கடற்கரைப் பக்கத்து ஊர்களில் சாவடிகள் காலியாகக் கிடப்பதாக வானொலியில் சொன்னார்கள். யாருக்கும் இந்தத் தேர்தல் எதற்கென்று தெரியவில்லை என்றார்கள். ஆர்லைஸில் மட்டும் தேவாலயத்தின் பின்னறையில் வரிசை நின்றது. நனைந்த கோட்டுகளின் வாடையும் குடைகளிலிருந்து சொட்டும் தண்ணீருமாக, சாயங்காலம் வேலை விட்டு வந்தவர்கள் தெருவரை நின்றார்கள். வாசலில் ஓர் இளம் போலீஸ்காரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"அவ்வளவு பேரும் உனக்காகத்தான்" என்றாள் ரோன்வென், குடையைச் சாய்த்துப் பிடித்தபடி. "போன பாராளுமன்ற எலெக்‌ஷனுக்குக்கூட இவ்வளவு கால் ஈரமாகல."

உள்ளேயிருந்து வந்த மிசஸ் பெவன் டெலித்தின் கன்னத்தைக் கையுறைக் கையால் தொட்டாள். "நீ சொன்னபடியே போட்டுட்டேன் கண்ணு. ஆளுக்கொண்ணு."

ரக்பி மன்றத்துப் பையன்கள் வரிசையாக வெளியே வந்தார்கள். யெஸ்டினோடு விளையாடியவர்கள். ஒருவன் தூரத்திலிருந்தே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். டெலித் தலையாட்டினாள். அவள் நெஞ்சுக்குள் இளஞ்சூடாக ஏதோ அசைந்தது. அது சந்தோஷம் என்று அடையாளம் தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. சாவடி மூடும் நேரத்துக்குச் சற்று முன்பு, வீட்டுக்குப் போய் அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வரலாம் என்று மேட்டில் ஏறினாள். வீடு இருட்டாகக் கிடந்தது. எம்ரிஸின் கோட்டு ஆணியில் இல்லை. மன்றத்துக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் ஒரு போலீஸ்காரன் நிற்கும் இடத்துக்கு அவன் வரமாட்டான். வர வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை.

மறுநாள் நகரத்து விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். கூடைப்பந்து வளையத்தின் கீழே மேசைகள் போட்டிருந்தார்கள். தரை முழுக்க வண்ணக் கோடுகள். டெலித்தும் ரோன்வெனும் ஆர்லைஸ் பெட்டிகளைக் கொட்டிய மேசைக்கு எதிரே நின்றார்கள். மொத்தம் நான்கு வேட்பாளர்கள். ட்ரஹார்ன் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு சூடான தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி ஸ்டோவர் நின்றார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. எந்தக் கட்சியும் இல்லாமல் நின்றவர். போலீஸைப் பற்றிப் போலீஸுக்குத்தான் தெரியும் என்பது அவருடைய பேச்சு. கடற்கரை ஊர்களில் அது எடுபட்டிருந்தது. நிலையங்களைச் சாயங்காலம் பூட்டச் சொன்ன உத்தரவில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். ஆளைப் பார்த்தால் கொடூரமாக ஒன்றும் இல்லை. டெலித் உள்ளே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதலில் எல்லாம் நன்றாகப் போனது. ஆர்லைஸ் மேசையில் அவள் பெயர்க் கட்டு உயர்ந்தது. ரோன்வென் அவள் கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு டெலித் கவனித்தாள்: எண்ணுகிறவர்கள் சில தாள்களை எந்தக் கட்டிலும் சேர்க்காமல் ஓரத்தில் இருந்த தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற மேசைகளிலும் அப்படி ஒரு தட்டு இருந்தது. அவற்றில் நாலைந்து தாள் கிடந்தது. ஆர்லைஸ் தட்டு நிரம்பி, இன்னொரு தட்டு கொண்டுவந்தார்கள்.

"அது என்ன ரோன்?"

ரோன்வென் அவள் கையை விட்டுவிட்டுத் தட்டை எட்டிப் பார்த்தாள்.

சந்தேகத்துக்குரிய தாள்களை வேட்பாளர்கள் பார்வையிட வரலாம் என்று ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். தேர்தல் அலுவலர் ஒரு நடுத்தர வயதுப் பெண். கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். முதல் தாளை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி மேசையில் வைத்தார்.

நான்கு பெயர்கள். பெயர்களுக்கு எதிரே இரண்டு வரிசைக் கட்டங்கள். முதல் வரிசையில் பிரோசருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி. அதே முதல் வரிசையில் ட்ரஹார்னுக்கு நேரே இன்னொரு பெருக்கல் குறி. இரண்டாம் வரிசை வெறுமையாக இருந்தது.

"முதல் வரிசையில் ஒருவருக்கு மேல் குறித்திருக்கிறார். செல்லாது" என்றார் அலுவலர்.

அடுத்த தாள். முதல் வரிசையில் பிரோசர், முதல் வரிசையில் ட்ரஹார்ன். செல்லாது. அடுத்ததும் அதே. சிலது நடுங்கிய கையால் போட்டது, பென்சில் கட்டத்துக்கு வெளியே ஓடியிருந்தது. சிலது பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி நேராக இருந்தது. ஒருவர் இரண்டு குறியையும் ஒரே அளவில் வர வேண்டுமென்று அழித்து அழித்துப் போட்டிருந்தார்.

"மேடம்" என்றாள் டெலித். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "அவங்க என்ன நினைச்சாங்கன்னு தெரியுதுல்ல. எங்க ரெண்டு பேருக்கும்தான் போட்டிருக்காங்க. வேற யாருக்கும் இல்ல."

"தெரியுதும்மா. ஆனா ரெண்டு பேர்ல யார் முதல்லன்னு தாள்ல தெரியணும். அத நான் முடிவு பண்ண முடியாது."

"நான்தான் அப்படிச் சொன்னேன். ரெண்டு குறின்னு நான்தான்..."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஆட்சேபம் சொன்னதா குறிச்சுக்கறேன். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்லம்மா."

ட்ரஹார்ன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். இருவரும் ஒன்றாகக் குனிந்து அந்தத் தாள்களைப் பார்த்தார்கள். அவற்றில் அவர்கள் பெயர்கள் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"திட்டக்கூட வாய் வரல டெல்" என்றார் ட்ரஹார்ன் மெதுவாக. "நம்ம ஜனம். ஒருத்தர விட்டு ஒருத்தர எடுக்கச் சொன்னா தெரியாது. பாழாப்போன பாசம்."

"நீங்க முதல்லன்னு போட்டிருந்தாலும் உங்களுக்காவது வந்திருக்கும்."

"உனக்கு வந்திருந்தா நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். யெஸ்டின் பய என் மடியில உக்காந்து பட்டாணி தின்னவன்." அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார். அதில் தேநீர் இல்லை.

முதல் சுற்று முடிந்தது. ஸ்டோவர் முதலில். ட்ரஹார்ன் இரண்டாவது. டெலித் மூன்றாவது. அவளுக்கும் ட்ரஹார்னுக்கும் நடுவே நூற்று நாற்பது சொச்சம் ஓட்டுத்தான் வித்தியாசம். ஆர்லைஸ் தட்டுகளில் கிடந்தவை அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதலிரண்டு பேருக்கு மட்டும், தோற்றவர்களின் தாள்களில் இருந்த இரண்டாவது குறிகளையும் சேர்த்து, இரண்டாம் சுற்று. அதில் ஸ்டோவர் ஜெயித்தார். ட்ரஹார்னையும் அந்தத் தட்டுகள் தூக்கிவிட்டிருக்கும். அவ்வளவு நெருக்கத்தில்தான் அவரும் தோற்றார். இருவருக்கும் கொடுத்தது இருவரையுமே போய்ச் சேரவில்லை.

ஸ்டோவர் மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்து கை நீட்டினார். "மிசஸ் பிரோசர், உங்கள நான் மதிக்கிறேன். உங்க விஷயத்த மறக்க மாட்டேன்."

"கதவு?" என்று கேட்டாள் டெலித்.

"என்ன சொல்றீங்க?"

"ராத்திரியில கதவு தொறந்திருக்குமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்தது உண்மையாகத்தான் இருந்தது. "எல்லா ஊர்லயும் ஆள் போட முடியாதுங்க. அந்தத் தொலைபேசிய வேணா மறுபடி வைக்க முடியுமான்னு பாக்கச் சொல்றேன்."

டெலித் அவர் கையை விட்டாள். இரும்பைத் தொட்டதுபோல விரல்கள் சில்லிட்டிருந்தன. அது அவர் கையின் குளிரா, தன் கையின் குளிரா என்று தெரியவில்லை.

ரோன்வெனின் காரில் திரும்பினார்கள். கண்ணாடித் துடைப்பான் ஒரு பக்கம் கீறிச்சிட்டுக்கொண்டே வந்தது.

"நான் அச்சடிச்சிருக்கக் கூடாது" என்றாள் ரோன்வென்.

"சொன்னது நான்."

"நீ மட்டுமா சொன்ன. ஊரு முழுக்க நானும்தான் தொண்டை கிழியச் சொன்னேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஊர்ல யார்கிட்டயாவது இத எப்படிச் சொல்றது?"

டெலித் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். நாளைக்கு மிசஸ் பெவன் வருவாள். வெட்டிய முடி கழுத்தில் குத்துகிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். ரக்பி மன்றத்துப் பையன்கள் தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவார்கள். 'நீங்க போட்டது ஒண்ணும் எண்ணிக்கையில வரல' என்று அந்த முகங்களிடம் சொல்ல வேண்டும். மழையில் நின்றவர்களிடம்.

"சொல்ல வேண்டாம்" என்றாள்.

"பேப்பர்ல வருமேடி. செல்லாத ஓட்டு இத்தனைன்னு போடுவானே."

"அது மத்த ஊர்க்காரங்க போட்டதுன்னு நினைச்சுக்கட்டும். நாலு வருஷத்துல மறுபடி தேர்தல் வரும். அப்ப வரிசையச் சொல்லிக்குடுப்போம். இப்ப வேண்டாம்."

"நிப்பியா அப்ப?"

கார் ஊருக்குள் நுழைந்து பள்ளத்தில் இறங்கியது. காவல் நிலையம் இருட்டாக நின்றது. விளக்குக் கூண்டிலிருந்து மழை வடிந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. படியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். சுவரில் அந்த ஓட்டைகளைப் பார்த்தாள். ரோன்வென் வேகத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை.

வீட்டில் விளக்கு எரிந்தது. எம்ரிஸ் தோசைக்கல் மாதிரியான கல்லில் திராட்சை போட்ட சின்ன அப்பங்களைச் சுட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். அது அவன் செய்கிற வேலை அல்ல, ஓரங்கள் கருகியிருந்தன. வானொலியை அணைத்து வைத்திருந்தான். எல்லாம் கேட்டிருப்பான் என்று டெலித்துக்குப் புரிந்தது.

"கோட்டக் கழட்டு. நனைஞ்சிருக்கு" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். அவன் தேநீரை ஊற்றி, அவள் கேட்காமலேயே சர்க்கரை போட்டான். தட்டில் இருந்தவற்றில் கருகாத ஒன்றைத் தேடி எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"மூணாவதா வந்தேன்" என்றாள்.

"கேட்டேன்."

"அந்த ஸ்டோவர்தான்."

"ம்." அவன் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான். "நான் நேத்து போனேன் டெல்."

"எங்க?"

"ஓட்டுப் போடத்தான். கடைசி நேரத்துல. நீ அப்ப வெளியில இல்ல." துணியை எடுத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான். "வாசல்ல அந்தப் பய நின்னான். யெஸ்டின் வயசுதான் இருக்கும். 'குட் ஈவினிங் சார்'னான். நானும் சொன்னேன்."

டெலித் கோப்பையை மேசையில் வைத்தாள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு போலீஸ்காரனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது. அவளுக்காகப் பேசியது.

"உள்ள போய் ரொம்ப நேரம் நின்னேன். க்ளான்வில்ல விட முடியல. எங்கப்பனோட கட்சி. ஆனா உன்ன எப்படி ரெண்டாவதா எழுதறது? ரெண்டாவது வரிசைன்னு ஒண்ணு தனியா இருந்துச்சு. அதுல உன் பேர வைக்க மனசு வரல. அவனையும் வைக்க முடியல." அவன் திரும்பினான். புருவத்துத் தழும்பு அடுப்பின் வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. "அதனால ரெண்டு பேரையும் முதல் வரிசையிலயே போட்டேன். பக்கத்துல பக்கத்துல. நீ சொன்ன மாதிரி, ஆளுக்கொண்ணு. யாரும் கீழ இல்ல."

வெளியே கூரைக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. டெலித் கையிலிருந்த அப்பத்தைப் பிட்டாள். பிட்டதைத் தின்னாமல் தட்டில் வைத்தாள். அழித்து அழித்து ஒரே அளவில் போட்டிருந்த அந்தத் தாள் அவள் கண்ணுக்குள் வந்தது. அது அவனுடையதுதான் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

"சரியாத்தானே போட்டேன்?" என்று கேட்டான் எம்ரிஸ். "எண்ணியிருப்பாங்கல்ல?"

அவனுக்கு அறுபத்தொரு வயது. கேட்கும்போது சந்தையில் தொலைந்துபோய்க் கிடைத்த பிள்ளையின் முகம் அந்த முகத்தில் அப்படியே இருந்தது. அன்றைக்குப் போலவே அவளுடைய பதிலுக்காகக் காத்திருந்தது.

"எண்ணினாங்க" என்றாள் டெலித். "ஒண்ணு விடாம எண்ணினாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"அப்ப சரி" என்றான் அவன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கருகிய அப்பம் ஒன்றை எடுத்து, தேநீரில் நனைத்துத் தின்றான். அவளும் தன் தட்டில் இருந்ததை எடுத்தாள். முன்னறைச் சன்னலில் ஒட்டியிருந்த தாளின் ஓரம் மழைக்காற்றில் மறுபடி பிரிந்து, கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது கேட்டது. எம்ரிஸ் எழுந்து போய் அதை ஒட்டிவிட்டு வந்தான்.